கடைக்காரர் எழுதாத கணக்கு



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "சார், ஹாஸ்டல் சாப்பாடு, கிரிக்கெட் மேட்ச் எல்லாம் மத்தவங்க எழுதிட்டாங்க. நீங்க பார்த்த வேலையைப் பத்தி சரித்திரமா எழுதிக் குடுங்க" என்றார்கள். வணிகவியல் படித்து வெளியேறிய நான், பின்னாளில் இணைய அங்காடிகளுக்குக் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போனேன். பணக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள், எதைக் கூடையில் போட்டார்கள், எந்த இடத்தில் மனம் மாறித் திரும்பிப் போனார்கள் என்கிற கணக்கு அது. வெப் அனலிடிக்ஸ் என்று பெயர்.

"கம்ப்யூட்டர் சமாச்சாரத்துக்கு ஏது சார் சரித்திரம்?" என்று மாணவர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. அது கம்ப்யூட்டருக்கு வெகு காலம் முன்பே, நம் ஊர் மளிகைக் கடையிலேயே ஆரம்பிக்கிறது.

இரண்டு நோட்டு

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வந்தால், கேத்தியைத் தாண்டி, ஊட்டிக்குச் சற்று முன்னால் வருவது லவ்டேல். 1858ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி இங்கேதான் இருக்கிறது. குன்னூரோடு நின்றிருந்த ரயில் பாதை ஊட்டி வரை வந்தது 1908ல். பள்ளி ஊழியர், ரயில்வேக்காரர், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் என்று இந்தப் பக்கத்தில் மாதச் சம்பளக்காரர்கள் அதிகம். ஆகவே கடை வியாபாரமும் பெரும்பாலும் பற்று வைத்துத்தான் நடந்தது.

பற்றுக்கு நோட்டு இரண்டு. ஒன்று கடையில் இருக்கும், இன்னொன்று வாங்குபவர் வீட்டில். அரை கிலோ சர்க்கரை வாங்கினால் இரண்டிலும் எழுத வேண்டும். சம்பளத்தன்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். "அண்ணாச்சி, பதினாலாம் தேதி நாங்க எண்ணெய் வாங்கலையே" என்றால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். கடைக்காரர் கையில் இருந்த கணக்கின் நகல் வாடிக்கையாளர் கையிலும் இருந்தது. இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் கடைசியில் இது திரும்ப வரும்.

அந்த நோட்டில் ஏறாத விஷயங்களும் உண்டு. ஒரு அம்மா வந்து டீத்தூளை மோந்து பார்க்கிறார், விலை கேட்கிறார், "பாத்துட்டுப் போறேங்க" என்று நகர்ந்துவிடுகிறார். வியாபாரம் நடக்கவில்லை, எனவே நோட்டில் ஒரு வரியும் இல்லை. ஆனால் கடைக்காரருக்கு அது ஞாபகம் இருக்கும். அடுத்த வாரம் அதே அம்மா வந்தால், "அம்மா, அதைவிடக் கொஞ்சம் குறைஞ்ச விலையிலே ஒண்ணு வந்திருக்கு" என்பார். விற்றது நோட்டிலும் விற்காதது கடைக்காரர் தலைக்குள்ளுமாக, கணக்கு இப்படிப் பிரிந்து கிடந்தது. தலைக்குள் இருந்ததை யாரும் நகல் எடுக்க முடியாது, அடுத்த கடைக்கு விற்கவும் முடியாது. அவர் கடையை மூடினால் அதோடு அதுவும் போயிற்று.

இந்த எழுதப்படாத கணக்கு எப்போது, எப்படி எழுதப்பட்டது என்பதுதான் வெப் அனலிடிக்ஸின் சரித்திரம்.

தபால்காரரும் கூப்பனும்

முகம் பார்க்காமல் வியாபாரம் செய்வது நமக்குப் புதிதல்ல. இந்தியத் தபால் துறை வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது 1877ல். பட்டியலைப் பார்த்துக் கடுதாசி போட வேண்டியது, பார்சல் வந்ததும் தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியது. இன்று 'கேஷ் ஆன் டெலிவரி' என்று சொல்வதன் தாத்தா இதுதான்.

தபால் வியாபாரிக்கு ஒரு கஷ்டம் இருந்தது. வாங்குபவர் முகம் தெரியாது. எந்தப் பத்திரிகையில் போட்ட விளம்பரத்தைப் பார்த்து எழுதினார் என்பதும் தெரியாது. அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். ஒவ்வொரு பத்திரிகையிலும் வரும் கூப்பனில் வேறு வேறு குறியீட்டு எண்ணை அச்சிட்டார்கள். திரும்பி வந்த கூப்பன்களை எண் வாரியாக அடுக்கினால் எந்த விளம்பரம் வேலை செய்தது என்று தெரிந்துவிடும். அமெரிக்க விளம்பர நிபுணர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923ல் எழுதிய விளம்பரம் பற்றிய புத்தகத்தின் அடிப்படையே இந்தக் கூப்பன் கணக்குதான்.

பிறகு கருவிகள் வந்தன. 1879ல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஜேம்ஸ் ரிட்டி கல்லாப் பெட்டி இயந்திரத்தைச் செய்தார். 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் ஊரில் ஒரு சூயிங் கம் பாக்கெட் முதன்முதலாகப் பார்கோடு மூலம் விற்கப்பட்டது. 1995ல் இங்கிலாந்தின் டெஸ்கோ நிறுவனம் வாடிக்கையாளர் அட்டை கொடுத்து, யார் என்ன வாங்கினார் என்பதைச் சேர்த்துவைக்க ஆரம்பித்தது. கவனித்தீர்களா, இவை எல்லாமே விற்றதைத்தான் எழுதின. மோந்து பார்த்துவிட்டுப் போன அம்மாவை இவற்றில் ஒன்றும் பிடிக்கவில்லை.

குன்னூர் ஏலக்கூடம்

நம் மலையிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. குன்னூரில் தேயிலை ஏலம் 1963ல் தொடங்கியது. பழைய முறையில் ஏலதாரர் லாட் எண்ணைச் சொல்வார், வாங்குபவர்கள் கூடத்தில் உட்கார்ந்து விலை கூட்டுவார்கள், கடைசியில் சுத்தியல் தட்டும். காகிதத்தில் ஏறுவது லாட் எண், விலை, வாங்கியவர் பெயர். யார் எந்த ரூபாயில் நின்றுவிட்டார், யார் வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டார் என்பதெல்லாம் அந்தக் கூடத்தில் இருந்தவர்களின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

2000-க்குப் பிறகு ஏலம் கணிப்பொறிக்கு மாறியது. ஒவ்வொரு கேட்பும் நேரத்தோடு பதிவாக ஆரம்பித்தது. தேயிலை அதே தேயிலை, வாங்குபவர்களும் அவர்களேதான். ஆனால் வாங்காதவரின் விலையும் இப்போது பதிவில் இருக்கிறது. கடை கணிப்பொறிக்குள் போனதும் நடந்த மாற்றம் இவ்வளவுதான். சின்ன மாற்றமாகத் தெரியும், ஆனால் விளைவு பெரியது.

'ஹிட்' என்னும் மாயை

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலம். அதே வருஷம் ஜூலையில் அமேசான் அமெரிக்காவில் புத்தகக் கடையாகத் திறந்தது. வலைத்தளத்தை வைத்திருக்கும் சர்வர், தன்னிடம் யார் எந்தக் கோப்பைக் கேட்டாலும் ஒரு வரி எழுதிவைக்கும். இதற்கு லாக் என்று பெயர். அந்த வரிகளைக் கூட்டிச் சொல்ல மென்பொருள்கள் வந்தன. 1995ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் டர்னர் எழுதி வெளியிட்ட 'அனலாக்' அவற்றில் பேர்பெற்றது.

அந்தக் காலத்தில் எல்லாரும் 'ஹிட்' கணக்கைச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். ஒரு பக்கத்தில் பத்துப் படம் இருந்தால் பக்கத்துக்கு ஒன்று, படங்களுக்குப் பத்து என்று ஒருவர் வந்ததற்கே 11 ஹிட் விழும். கல்யாண வீட்டில் ஆளை எண்ணாமல் இலையில் வைத்த பதார்த்தங்களை எண்ணின கதை! அதைவிடப் பெரிய சிக்கல், சர்வருக்கு ஞாபக சக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கொடுத்ததும் ஆளை மறந்துவிடும். அடுத்த நொடியில் அதே ஆள் வந்தாலும் "நீங்க யாருங்க?" என்றுதான் கேட்கும். இப்படிப்பட்ட கடையில் கூடை எப்படி வைப்பது? முதல் பொருளைப் போட்டுவிட்டு இரண்டாவதை எடுக்கப் போனால் முதலாவது காணாமல் போய்விடுமே!

இதற்கு விடையாக 1994ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுலி கண்டுபிடித்ததுதான் குக்கீ. எம்.சி.ஐ. என்ற தொலைபேசி நிறுவனம் இணையக் கடை ஒன்று கேட்டது, ஆனால் பாதியில் நிற்கும் வியாபாரங்களைத் தன் சர்வரில் சுமக்க அதற்கு விருப்பமில்லை. எனவே அந்தக் குறிப்பை வாங்குபவரின் கணிப்பொறியிலேயே ஒரு சின்னத் துணுக்காக வைத்துவிட்டால் என்ன என்று மான்டுலி யோசித்தார். சினிமாத் தியேட்டரில் சைக்கிள் விட்டால் டோக்கன் கொடுப்பார்களே, அந்த மாதிரி. டோக்கனைக் காட்டினால் "ஓ, நீங்களா" என்று கடை அடையாளம் கண்டுகொள்ளும்.

கூடையைக் காப்பாற்றப் பிறந்த அந்த டோக்கன், வந்தவர் யார் என்று நினைவு வைக்கவும் பயன்பட்டது. ஒரே விளம்பர நிறுவனம் பல கடைகளில் தன் படத்தை ஒட்டியிருந்தால், எல்லாக் கடையிலும் ஒரே டோக்கனை வைத்து ஆளைப் பின்தொடரலாம் என்றும் ஆயிற்று. 1996ல் லண்டன் ஃபைனான்ஷியல் டைம்ஸ் எழுதிய பிறகுதான் இந்தச் சங்கதி பொதுமக்களுக்கே தெரிந்தது. 1997ல் மான்டுலியும் சேர்ந்து எழுதிய தரநிலை ஆவணம், இப்படி மூன்றாம் ஆள் வைக்கும் குக்கீயைப் பிரவுசர்கள் தாமாக ஏற்கக் கூடாது என்றது. அன்றைய பெரிய பிரவுசர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சஃபாரி அவற்றை முழுக்க மறித்தது 2020ல். குரோம் நிறுத்தப்போவதாகச் சொல்லி, பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

கணக்குப் புத்தகம் இலவசம்

அடுத்த திருப்பம் 2005. சான் டியாகோவைச் சேர்ந்த அர்ச்சின் என்ற நிறுவனத்தை அந்த வருஷம் கூகுள் வாங்கியது. நவம்பரில் அதைக் கூகுள் அனலிடிக்ஸ் என்ற பெயரில் இலவசமாகக் கொடுத்தது. விழுந்தடித்துக்கொண்டு வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் சில நாளிலேயே புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இணைய விளம்பரத்தைத் தட்டினால் முகவரியின் வாலில் யூ.டி.எம். என்று தொடங்கும் குறிப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள 'யூ' அந்த அர்ச்சினின் முதலெழுத்து. அது செய்யும் வேலை பழைய கூப்பன் எண் செய்த வேலையேதான்: இவர் எந்த விளம்பரம் வழியாக வந்தார்?

இந்த முறையில் சர்வர் லாக்கை நம்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் சிறிய நிரல் ஒன்று இருக்கும். பக்கம் திறந்ததும் அது "திறந்தாயிற்று" என்று கணக்கு வைப்பவருக்குத் தகவல் அனுப்பும். நம் கடையின் கணக்கு இன்னொருவர் அலமாரிக்குப் போக ஆரம்பித்தது அங்கேதான். இலவசமாகக் கிடைத்த நோட்டுப் புத்தகம் அல்லவா, பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாறிக்கொண்டே இருக்கும் கடை

அதே 2005ல் இன்னொன்றும் நடந்தது. பக்கம் முழுவதையும் மறுபடி வரவழைக்காமல் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் முறை பரவியது. ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் அதற்கு 'ஏஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். கால் கிலோவை அரை கிலோ ஆக்கினால் விலை மாறும், பின்கோடு போட்டால் கூரியர் கட்டணம் வரும், கையிருப்பு தீர்ந்தால் பொத்தான் மங்கிவிடும். பக்கம் மட்டும் அதே பக்கம். எத்தனை பக்கம் திறந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்குக் கடைக்குள் நடப்பது எதுவும் தெரியாமல் போயிற்று.

ஆகவே பக்கத்தை எண்ணுவதை விட்டுச் செயலை எண்ணினார்கள். பொருளைப் பார்த்தார், கூடையில் போட்டார், எடுத்துவிட்டார், பணம் கட்டப் போனார், வாங்கினார் என்று ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வு. 2020ல் வந்த கூகுளின் புதிய அனலிடிக்ஸ் முழுக்க இந்த நிகழ்வு முறையில் அமைந்தது. பழையது 2023 ஜூலையில் தன் கணக்கை முடித்துக்கொண்டது.

இதில் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தொழில் நுட்பம் ஒன்றிரண்டு உண்டு. மாறும் கடையில் இன்று காலை ஒருவர் பார்த்த பக்கம் மாலையில் இருக்காது. விலை மாறியிருக்கும், சரக்கு தீர்ந்திருக்கும். எனவே "பார்த்தார்" என்று மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. எந்த விலையில், எந்த அளவில், கையிருப்பு இருந்ததா இல்லையா என்று பார்த்த அந்தக் கணத்தையே சேர்த்து எழுத வேண்டும். அடுத்தது, பணம் கட்டியபின் வரும் நன்றிப் பக்கத்தைச் சிலர் இரண்டு தரம் திறப்பார்கள், ஒரே வியாபாரம் இரண்டாகப் பதிவாகும். ஆர்டர் எண்ணை ஒத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும். கணிப்பொறி வந்தும் ஒத்துப் பார்க்கிற வேலை நம்மை விடவில்லை பாருங்கள்!

இதனால் நன்மை இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. நண்பர் ஒருவர் நீலகிரித் தைலமும் டீத்தூளும் சொந்த வலைத்தளத்தில் விற்கிறார். "எல்லாரும் வர்றாங்க, கூடையிலே போடறாங்க, வாங்காமப் போயிடறாங்க" என்று என்னைக் கூப்பிட்டார். நிகழ்வுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். பெரும்பாலோர் பின்கோடு போட்ட மறு நிமிடமே போயிருந்தார்கள். கூரியர் கட்டணம் அங்கேதான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. கட்டணத்தைப் பொருளின் விலைக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னேன். போட்டார், பாதியில் திரும்புவது குறைந்தது. போனவர்கள் யார், எந்த ஊர், என்ன பெயர் என்று ஒன்றும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. எந்தப் படியில் கால் தடுக்குகிறது என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

அதே நண்பர் பெரிய இணையச் சந்தை ஒன்றிலும் விற்கிறார். அங்கே விற்றது அவருக்குத் தெளிவாகத் தெரியும். பார்த்துவிட்டுப் போனவர்களின் கணக்கில் பெரும்பகுதி சந்தைக்காரரிடம் இருக்கும். இது சின்ன விஷயம் இல்லை. சந்தைக்காரரே தன் பொருளையும் விற்பவராக இருந்தால் என்ன ஆகும்? ஐரோப்பிய ஆணையம் 2019ல் அமேசான் மீது விசாரணை தொடங்கியது இந்தக் கேள்வியில்தான். பிற வியாபாரிகளின் வெளியே தெரியாத தகவல்களைத் தன் சொந்தச் சில்லறை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று அமேசான் கொடுத்த உறுதியை 2022 டிசம்பரில் ஆணையம் ஏற்று, விசாரணையை முடித்தது.

இரண்டாவது நோட்டு எங்கே?

இப்போது மளிகைக் கடை நோட்டுக்குத் திரும்பி வருவோம். கடையில் ஒன்று, வீட்டில் ஒன்று. இணைய அங்காடி எழுதும் கணக்கில் வீட்டு நோட்டு எங்கே இருக்கிறது? என் தயக்கத்தைக் கூட எழுதிக்கொள்கிறார்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. "பதினாலாம் தேதி நான் எண்ணெய் வாங்கலையே" என்று சொல்ல என் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. கணக்கு எழுதுவது பழைய வழக்கம். நகல் கொடுக்காமல் எழுதுவதுதான் புதுசு.

இந்த இடத்தில்தான் சட்டம் வருகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2018 மே மாதம் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அவகாசம் கொடுத்துப் படிப்படியாக அமலுக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தில் மூன்று விஷயத்தை நம் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வழி இருக்க வேண்டும். சம்மதம் கொடுத்தவர், தன்னைப் பற்றி என்ன தரவு இருக்கிறது, யாருடன் பகிரப்பட்டது என்று சுருக்கம் கேட்டு வாங்கலாம், திருத்தவும் அழிக்கவும் கோரலாம். 18 வயது ஆகாதவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்குப் பொதுவாகத் தடை. நம் கல்லூரி முதலாண்டு வகுப்பிலேயே 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா! எட்டு மணிக்கு மேல் போனில் கடை பார்க்கிற அந்தப் பிள்ளையை அங்காடி எப்படி அடையாளம் கண்டு, எழுதாமல் விடப்போகிறது? இனி வரும் ஆண்டுகளின் பெரிய வேலை அது. இரண்டாவதாகச் சொன்ன உரிமையோ, நாம் தொலைத்த வீட்டு நோட்டேதான்.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம், தானே வலைத்தளக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் விற்கிற நிறுவனம். அது 2020ல் தன் தளங்களிலிருந்து பிற நிறுவனங்களின் பின்தொடரும் நிரல்களை எடுத்துவிட்டதாக அறிவித்தது. வியாபாரம் செய்துகொண்டே இப்படியும் முடிவெடுக்கலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று.

தம்பி தங்கைகளே, உங்களில் பலர் இந்த வேலைக்குத்தான் போகப்போகிறீர்கள். ஒரு நாள் உங்கள் மேலாளர், "இதையும் சேத்துப் பதிவு பண்ணிடுப்பா, பின்னாடி உதவும்" என்பார். அப்போது மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்தக் கேள்விக்கு விடை? ஆளின் அடையாளம் இல்லாமல் அந்த விடை கிடைக்காதா? வாடிக்கையாளர் வந்து நோட்டைக் காட்டு என்றால் கூச்சமில்லாமல் காட்ட முடியுமா? மூன்றுக்கும் பதில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த வரியை எழுதாமல் விடுங்கள். பழைய கடைக்காரர்கள் எல்லாவற்றையும் கவனித்தார்கள், தேவையானதை மட்டும் எழுதினார்கள். நம் வணிகவியல் வகுப்பில் பற்று வரவு படிக்கும்போது இதையும் ஒரு பாடமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

கூடுகைக்கு வருகிற நண்பர்கள் யாரேனும் மலை ரயிலில் வந்தால் லவ்டேலில் ஒரு எட்டு இறங்குங்கள். சூடாக டீயும் வர்க்கியும் என் பொறுப்பு. அதற்குப் பற்று எழுத மாட்டேன்!

வாழ்க நம் கல்லூரி. வளர்க முன்னாள் மாணவர் சங்கம்.